ஒரே குதிரையின் மூன்று குற்றங்கள்

என் தம்பியின் ஜட்காக் குதிரை மேல் மூன்று குற்றங்கள் சொன்னார்கள். நொண்டும், உதைக்கும், இருமும். மற்ற ஜட்காக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழியைக் காட்டினார்கள். நெற்றிச் சுழியால் உதைக்கிறதாம், கழுத்துச் சுழியால் இருமுகிறதாம். மயிர் சுற்றி வளர்ந்தால் குதிரைக்கு இருமல் வருமா? கேட்கவே எரிச்சலாக இருந்தது.

பயமும் இருந்தது. ஊருக்கு வெளியே சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். சிங்கத்துக்குத் தீனியாகக் குதிரை வாங்கும் தரகன் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான்.

"வேற வழியில்லக்கா, வித்துடுறேன். மூணு வியாதி. எதைன்னு பாக்குறது?"

"தினம் புல்லு வைக்கிறவ நான். என்னைக் கேட்டியாடா?"

கான்வென்ட் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். விடுமுறை நாளில் அவனோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சமதரையில் குதிரை ஒழுங்காக ஓடியது. ஸ்டேஷன் மேடு தொடங்கியதும் முன்னங்காலைத் தூக்கி நொண்டியது. தம்பி சக்கரத்துக்குக் கல் வைத்து, குதிரையை அவிழ்த்து, லாடத்தைப் பார்த்தான். ஒன்றுமில்லை. அடுத்த சவாரியில் அதே மேட்டில் உதைத்தது. வண்டிப் பலகை உடையும் என்று அவிழ்த்தான். பிறகு இருமியது. தண்ணீர் காட்ட அவிழ்த்தான். மேட்டில் மக்கர் பண்ணினால் முதலில் அவிழ்ப்பது ஜட்காக்காரர் வழக்கம். வண்டி பின்னால் உருளும் என்ற பயம்.

வீட்டில் என் கையில் புல்கட்டைப் பார்த்ததும் குதிரை அதே முன்னங்காலை அதேபோல் தூக்கியது. புல்லைப் போட்டேன், காலை இறக்கியது. அப்படியே நின்றுவிட்டேன். ஒரே கால், ஒரே தூக்கல். மேட்டில் கிடைப்பது ஓய்வு, இங்கே கிடைப்பது புல். அப்படியானால் பார்க்க ஒன்றானாலும் இவை இரண்டு. நொண்டலும் உதையும் இருமலும் பார்க்க வேறு வேறு. மூன்றுக்கும் கிடைத்தது அவிழ்ப்புதான். அப்படியானால் அவை ஒன்று.

நடத்தையை ஆராய்கிறவர்களும் இப்படித்தான் பிரிக்கிறார்கள் என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். உறுப்பு எப்படி அசைகிறது என்று பார்த்து அல்ல, அசைந்த பிறகு என்ன கிடைக்கிறது என்று பார்த்தே எவையெல்லாம் ஒரே செயல், அதாவது ஓர் அலகு, என்று முடிவு செய்கிறார்கள். அன்று என்னிடம் அந்தச் சொல் இல்லை. கத்தத்தான் தெரிந்தது.

"டேய், நாளைக்கு வெறும் வண்டியோட மேட்டுல ஏத்து. அது என்ன பண்ணினாலும் நடுவுல அவுக்காத. உச்சியில அவுத்துடு."

"வாத்தியாரம்மா குதிரைக்கே பரீட்சை வைக்கிறாங்க! காலு நெஜமாவே நோவுதுன்னா?"

"நோவுற காலு சமதரையில மட்டும் நோவாதா?"



மறுநாள் குதிரை நொண்டிப் பார்த்தது. உதைத்துப் பார்த்தது. இருமியது. தம்பி கடிவாளத்தைப் பிடித்தபடி நின்றான். சட்டென்று திரும்பி அவன் தலைப்பாகையைக் கவ்வி இழுத்தது.

"இது நாலாவதுக்கா!"

"இல்லடா, இதுவும் அதே ஒண்ணுதான். விடாத!"

வெகுநேரம் கழித்து நகர்ந்தது. உச்சியில் உடனே அவிழ்த்தோம். அடுத்து நான் ஏறிக்கொண்டேன். அப்போதும் ஏறியது.

வெள்ளிக்கிழமை தரகன் வந்தான்.

"மூணு குத்தம்னு சொன்னியே?"

"ஒண்ணுதான். அதையும் நாந்தான் பழக்கியிருக்கேன். நீ போ" என்றான் தம்பி.

மார்கழிக் குளிரில் குதிரை சமதரையிலும் இருமியது. அவிழ்த்த பிறகும் இருமியது. அது மேட்டு இருமலோடு சேராது என்று தம்பியே சொன்னான். அதற்குக் கஷாயம் காய்ச்சினோம்.