விற்காத வீட்டுக்கு ஒரு கட்டணம்

வீட்டை விற்றுக் கொடுத்துவிட்டு கமிஷன் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். விற்காத வீட்டுக்குக் காசு கேட்டுப் பாருங்கள், திருட வந்தவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

காரைக்காலில் வீடு, மனை விற்றுத் தரும் ஒரு நிறுவனத்தின் கிளையில் வேலை பார்த்தேன். கிளை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். செல்போன் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நான். வீடு பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவதும் நான், தரையைப் பெருக்குவதும் நான். மேலாளர் புதுச்சேரியில் இருந்தார். அவர் குரல் மட்டும் நாள் முழுக்க எங்கள் ஊரில் இருந்தது. நாம் எழுதாத விதியை, நம் கைக்கு வராத காசுக்காக, அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிற வேலையில் நீங்களும் இருக்கிறீர்களா? பேங்க் கவுண்டர், இன்ஷூரன்ஸ், கேபிள் டிவி, எதுவானாலும் சரி. உட்காருங்கள், நமக்குள் பேச நிறைய இருக்கிறது.

பதினோராவது ஷரத்து

எங்கள் ஊர் தரகர்களின் வழக்கம் எளிமையானது. பத்திரம் பதிவானால் அன்றைக்கே கமிஷன். பதிவாகாவிட்டால் டீக்காசுகூடக் கிடையாது. எங்கள் நிறுவனத்தில் எட்டுப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒப்பந்தம். விற்கக் கொடுத்தவர் ஆறு மாதத்துக்குள் 'வேண்டாம்' என்று வாபஸ் வாங்கினால் விளம்பரம், போட்டோ, வீடியோ, சேவை என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை கட்ட வேண்டும் என்று பதினோராவது ஷரத்தில் இருந்தது. நான் சேர்ந்தபோது எந்தெந்த இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனக்கே அது தெரிய வந்தது காரைக்கால்மேட்டு ராஜவேலு அண்ணனால். படகுக்கு இன்ஜின் மாற்றுவதற்காக ஊருக்குள் இருந்த ஒரு மனையை விற்கக் கொடுத்திருந்தார். சொந்தக்காரர் ஒருவர் மூலமாக நல்ல பழைய இன்ஜின் ஒன்று கிடைத்துவிட்டது. மனை மகளுக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சந்தோஷத்தில் எனக்கு ஒரு கொடுவா மீனையும் கொடுத்துவிட்டுப் போனார். நானும் சந்தோஷமாக மேலாளரிடம் சொன்னேன். அவர் ஷரத்தைச் சொன்னார். அன்றைக்குக் குழம்பு இறங்கவே இல்லை.

மறுநாள் கடற்கரைக்கே போனேன். ஏலம் முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். அண்ணன் படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். விளம்பரத்துக்குக் கம்பெனி செலவு செய்திருக்கிறது, மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் படகுக்கு டீசல் செலவாகிறதே, அது மாதிரிதான் இதுவும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வலையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "ஏம்மா, வல காலியா வந்தா, நான் மீனுகிட்டயா போயி டீசல் காசு கேக்குறேன்?"

அண்ணன், தம்பி, அபராதம்

விழிதியூரில் இரண்டு சகோதரர்கள். அண்ணன் விவசாயம், தம்பி அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அப்பா போனதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். தம்பி தன் பாதியை விற்கக் கொடுத்தார். மயிலாடுதுறையிலிருந்து வந்த ஒருவரை அழைத்துப் போனேன். அவர் கொல்லையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது அண்ணன் மண்வெட்டியோடு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் சுவரைச் சுற்றிக்கொண்டு தம்பி வாசலுக்குப் போய், "வெளியாளு நம்ம கொல்லைய அளக்குறத பாத்துக்கிட்டு நிக்க முடியலடா" என்றாராம். அதோடு விற்பனை நின்றது, பேச்சு தொடங்கியது.

மேலாளருக்கு இதில் கண்ணீர் வரவில்லை. "நம்ம பார்ட்டி போய் அளந்ததாலதானே இந்த முடிவு வந்தது? அதுவும் சர்வீஸ்தான்" என்றார். பில் போனது. இரண்டு பேரும் ஒரே பைக்கில் ஆபீஸுக்கு வந்தார்கள். இருந்த இரண்டு நாற்காலியிலும் அவர்கள் உட்கார்ந்துகொள்ள நான் நின்றேன். தம்பி ஒப்பந்தத்தை விரித்து ஷரத்து ஷரத்தாக வாதாடினார். நான் போனில் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடித் தொகையைப் பாதியாக்கினேன். ஆளுக்குப் பாதி என்று தனித்தனியாகச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார்கள். அதுவரை வாயைத் திறக்காத அண்ணன் படியிறங்கும்போது திரும்பினார். "ஊர்ல பஞ்சாயத்து வச்சா சண்ட போட்டவனுக்குத்தான் அபராதம் போடுவாங்க. சமாதானமாப் போனவனுக்குப் போட்டது ஒங்க கம்பெனிதாங்க."

பெயின்ட் எஸ்டிமேட்

அடுத்தது ஜஹீரா அக்காவின் வீடு. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அக்காவின் கணவர் நாசர் குவைத்தில் இருந்தார். அங்கிருந்தே போனில் பேசி, ஒப்பந்தத்தைக் கம்ப்யூட்டரிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பி, வீட்டை எங்களிடம் விற்கக் கொடுத்தார். பத்திர நகல் பிறகு வரும் என்றார். மேலாளரும் சரி என்றுவிட்டார். எங்கள் போட்டோக்காரர் வீட்டுக்குப் போனபோது, பெயின்ட் அடிப்பதற்கு எஸ்டிமேட் போட ஆள் வருவதாகக் கணவர் சொல்லியிருந்ததை நம்பி, அக்கா அவருக்கு நன்னாரி சர்பத் கொடுத்து ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டியிருக்கிறார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நாகூரிலிருந்து வந்த ஒரு தம்பதியோடு போய் நின்றேன். நாங்களும் பெயின்ட் விஷயமாக வந்தவர்கள் என்று நினைத்து அக்கா வரவேற்றார். அந்த அம்மாள் நேராகச் சமையல்கட்டுக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இத இடிச்சிட்டா பெருசா வரும்" என்று கணவரிடம் சொன்னார். டீ தம்ளர்களோடு நின்ற அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "எந்தச் சொவர இடிக்கப் போறீங்க?" என்றார். நான் சொன்னேன். தட்டை மேசைமேல் வைத்தார். வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, டீயைக் குடிக்க வைத்துத்தான் அனுப்பினார்.

அதன்பிறகு நாசர் எங்கள் போனை எடுக்கவில்லை. வீட்டைக் காட்ட மறுத்ததால் அது வாபஸ்தான் என்று மேலாளர் முடிவு செய்தார். முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு பில் போட்டு என்னிடமே கொடுத்தனுப்பினார். அந்த வீடு அக்காவின் உம்மா கல்யாணத்தின்போது மகள் பேருக்கு எழுதிக் கொடுத்தது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தெருவில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. பில்லை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார் அக்கா. "நான் விக்கவே இல்லியேம்மா. விக்காத வீட்ட எப்புடிம்மா வாபஸ் வாங்குறது?"

மேலாளர் வந்தார்

என்னால் ஆகாது என்று மேலாளரே காரில் வந்தார். வழியெல்லாம் எனக்கு வகுப்பு எடுத்தார். நீ இரக்கப்பட்டுப் பேசுகிறாய், அதனால்தான் வசூல் ஆகவில்லை என்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த வகுப்புக்கு வெளியே அடித்த வெயில்கூட இதமாக இருந்தது.

ஜஹீரா அக்கா எங்களை உட்கார வைத்தார். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். மேலாளர் ஒப்பந்தம், சட்டம், நோட்டீஸ் என்று பேசினார். அக்கா குறுக்கிடவே இல்லை. அவர் முடித்ததும் இரண்டு கேள்வி கேட்டார். இந்த எட்டுப் பக்கத்தில் என் கையெழுத்து எங்கே இருக்கிறது? வீடு யார் பேரில் இருக்கிறது என்று நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? மேலாளர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, கணவன் மனைவிக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்குப் பணம் வந்தால் போதும் என்றார். நான் பணம் தரமாட்டேன், என்னிடம் பில் கொடுத்தது சரியா என்று நுகர்வோர் கோர்ட்டில் கேட்கப் போகிறேன், நீங்கள் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னார் அக்கா. நாங்கள் சாப்பிடாமல் எழுந்துவிட்டோம்.

கார் பாலம் தாண்டியதும் மேலாளர் சொன்னார்: "அந்தம்மா கத்தியிருந்தா நமக்கு ஈஸியா இருந்திருக்கும்."

குவைத் நம்பர்

நோட்டீஸ் அனுப்பப் போவதாக நாசருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டோம். அன்று மதியமே கூப்பிட்டார். பக்கத்தில் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாகப் பேசினார். பணத்தை எப்படியாவது தான் கட்டிவிடுவதாகவும், வீட்டுக்கு மட்டும் எதுவும் அனுப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். எனக்கு அலுப்பாக வந்தது. பொய்யைச் சொல்லி வைத்தவர் அங்கே இருக்கிறார், வெயிலில் அலைகிறவள் நான். "ஏன் அண்ணே அக்காகிட்ட கேக்காம இத செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வேலையில் கேட்கக் கூடாத கேள்வி அது.

பக்கத்துச் சத்தம் குறைந்தது, அறைக்கு வெளியே வந்துவிட்டார் போல. பிறகு சொன்னார். கம்பெனி ஆளைக் குறைத்ததில் வேலை போய்விட்டது. மாதக்கணக்காக நண்பர் அறையில் தங்கிக்கொண்டு, கடன் வாங்கி வீட்டுக்குச் சம்பளம் மாதிரி அனுப்பிக்கொண்டிருக்கிறார். வீட்டை விற்று, கடனை அடைத்து, மீதியில் ஊரிலேயே ஒரு கடை வைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். விலை முடிந்த பிறகு, வந்து அக்காவைக் கையெழுத்துப் போடச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று நம்பியிருக்கிறார். நோட்டீஸ் எப்படியும் வீட்டுக்குத்தான் வரும், தபால்காரர் சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னது இது: "வேல போயிடுச்சின்னு சொல்றதவிட வீட்ட விக்கிறது லேசா தெரிஞ்சுதும்மா."

சர்பத் குடித்தவருக்கு

அவர் சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னார், அக்கா என்ன சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் அக்கா ஆபீஸ் படியேறி வந்தார். கண் வீங்கியிருந்தது, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. பத்திர நகலையும், வீடு என் பேரில் இருக்கிறது, நான் விற்கக் கொடுக்கவில்லை, கட்டணம் கட்டப் போவதில்லை என்று தமிழில் எழுதிய ஒரு தாளையும் கொடுத்தார். பெற்றுக்கொண்டதாக என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எத்தனையோ பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். என்னிடம் ஒருவர் வாங்கியது அதுதான் முதல் தடவை.

புதுச்சேரிக்கு அனுப்பினேன். அங்கே வக்கீலிடம் காட்டியிருப்பார்கள் போல. சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் விளம்பரம் போட்டதை வெளியே பேசினால் நமக்குத்தான் ஆபத்து, விட்டுவிடு என்று மேலாளர் சொன்னார். பில் ரத்தானது. நான் நேரில் போய்ச் சொன்னேன். அக்கா உள்ளே போய், போட்டோக்காரர் கூலியை மட்டும் எடுத்து வந்தார். வேண்டாம் அக்கா, சட்டப்படி அதையும் தர வேண்டியதில்லை என்றேன். வேலை செய்த கூலி நிற்கக் கூடாது என்று கையில் திணித்தார். நாசர் அண்ணன் அந்த மாதக் கடைசியில் ஊருக்கு வருவதாகச் சொன்னார். கடனுக்கு என்ன செய்வது என்று இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும், வீட்டின் முன்பக்க அறையைக் கடைக்கு ஒதுக்கினாலும் ஒதுக்கலாம் என்றார். உங்களுக்கு எங்களால் ரொம்பத் தொந்தரவு அக்கா என்றேன். வாசல்வரை வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தொந்தரவுதாம்மா. ஆனா இத்தன வருஷமா மச்சான் போன்ல 'நல்லா இருக்கேன்'னு மட்டும்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இப்பதான் எங்கிட்ட பேசுனாங்க."

பிறகு

ராஜவேலு அண்ணன் கடைசிவரை பணம் கட்டவில்லை. கட்டச் சொல்லி நானும் கடற்கரைப் பக்கம் மறுபடி போகவில்லை. கொஞ்ச நாளில் வசூல் போதவில்லை என்று கிளையை மூடினார்கள். வருத்தப்பட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லாமல் இரண்டு நாள் தூங்கினேன்.

இப்போது ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறேன். எத்தனை பேர் பயந்து நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினாலும், பிடுங்காத பல்லுக்கு இங்கே யாரும் காசு கேட்கச் சொல்வதில்லை.