ஓனரினாவின் எட்டு முடிச்சுகள்

எங்கள் மலைப் பள்ளத்தாக்கில் இருபத்தாறு வருஷம் தபால் சுமந்தவன் நான். ஓனரினா ஜிராவுதோவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி கெட்ட ஆள் கிடையாது. ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

முப்பத்தொன்பதாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், எட்டுப் பிள்ளை பெற்றதற்காக அரசாங்கம் அவளுக்கு ஒரு பதக்கம் குத்தியது. ஒரு பக்கம் பிள்ளைகளோடு ஒரு தாய். மறுபக்கம் கோடரி செருகிய கம்புக் கட்டு. ஆட்சியிலிருந்த பாசிஸ்ட் கட்சியின் சின்னமான அந்தக் கம்புக் கட்டு அப்போது குழாயடி முதல் பள்ளிக்கூட நோட்டுவரை எங்கும் இருந்தது. பதக்கத்தின் நாடாவில் பிள்ளைக்கொன்றாக எட்டுக் குட்டி உலோக முடிச்சுகள். சந்தையில் ஜெயித்த பசுவுக்கும் நாடா கட்டுவார்கள், ஆனால் பசுவுக்குத் தீவனமும் கிடைக்கும் என்று ஓனரினா கேலி செய்தாள். பதக்கம் கஷ்கொட்டை மாவு டப்பாவுக்குள் போனது.

இரண்டு வருஷம் கழித்துக் கடைசிப் பெண் செலஸ்தினா தொண்டை அடைப்பானில் செத்தாள். அடுத்த மாதமே, பதக்கத்தோடு வரச் சொல்லிக் கட்சி ஆபீஸிலிருந்து கடிதம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான், கூடப் போனவனும் நான்தான். குமாஸ்தா குறடு ஒன்றை எடுத்து ஒரு முடிச்சைப் பிடுங்கினான். அதையாவது கொடுங்கள் என்று கேட்டாள். அரசாங்கச் சொத்து என்று மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினான். பாவி, அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு மூத்தவன் கியஃப்ரேதோவை மலைப்படையில் சேர்த்து ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். நாற்பத்துமூன்று ஜனவரிக்குப் பின் அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. அவள் எழுதியவையே முத்திரை குத்தித் திரும்பி வந்தன. ஒன்பது கடிதங்கள், ஒன்பதையும் நான்தான் அவள் கையில் கொடுத்தேன்.

மே மாதம் அவளே ஆபீஸுக்குப் போய்ப் பதக்கத்தை மேஜைமேல் வைத்தாள். குறடு வெளியே வந்தால் மகன் இல்லை என்று அர்த்தம். அவள் கணக்கு அவ்வளவுதான். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினான். ஏழும் இருக்கட்டும், எடுக்க வேண்டியதில்லை என்றான்.

திரும்பும் வழியெல்லாம் அழுதாள், சந்தோஷத்தில். "தெல்மோ, பாத்தியா? எம்புள்ள இருக்கான்டா. செத்திருந்தா இவனுங்க பிடுங்காம விடுவானுங்களா?"

எனக்கு அந்தப் பதக்க விதி தெரியும். ஆபீஸ் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. போரில் செத்தவன் உயிரோடிருப்பவனாகவே கணக்கில் வருவான். நோயில் செத்தால்தான் முடிச்சு போகும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவள் சிரித்து ஒரு வருஷமாகியிருந்தது, சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்சி கவிழ்ந்ததும் ஊரார் சுத்தியலோடு போய்க் குழாயடிக் கம்புக் கட்டை உடைத்தார்கள். இவளோ அதன் பிறகுதான் பதக்கத்தை மார்பில் குத்திக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு ஊரைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரர்கள் நாற்பத்தைந்து ஏப்ரலில் ஓடியதும், அவர்களை எதிர்த்து மலையில் சண்டையிட்ட போராளிகள் அதைக் கழற்றச் சொன்னார்கள். முடியாது என்றாள். பாசிஸ்ட் மாடு என்று முகத்தில் துப்பினார்கள். நான் தபால் பையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாற்பத்தாறில் கியஃப்ரேதோவின் படைக்காரன் ஒருவன் ரஷ்யச் சிறையிலிருந்து திரும்பினான். பனியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை, பூட்ஸைக் கழற்றிக்கொண்டதே நான்தான் என்று அவளிடம் சொன்னான். நீ வேறு யாரையோ பார்த்திருக்கிறாய் என்று அவனுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தாள். மார்பிலிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்தான்.

அவன் போன பிறகு விதியைச் சொல்லிவிட்டேன்.

"எப்பலேருந்து தெரியும் ஒனக்கு?"

"அந்த மே மாசத்துலேருந்துக்கா."

"மூணு வருஷம்," என்றாள். "செலஸ்தினாவுக்கு அடுத்த மாசமே பிடுங்குனானுங்க."

எழுந்து போய், லாடம் பிடுங்கும் குறட்டை எடுத்து வந்தாள். பதக்கத்தைக் கழற்றி, மூத்தவனுக்கான முதல் முடிச்சில் குறட்டை வைத்தாள். குறடு நழுவியது, மறுபடி வைத்தாள், மறுபடி நழுவியது. பிறகு இரண்டையும் என் பக்கம் தள்ளினாள்.

"நீயே எடு."

சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத தகரம். நான் பிடுங்கினேன்.