ஆடிட் அன்று மலைக்குப் போன வேன்

1. என்னை ஏன் எடுத்தார்கள்

இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பெண்கள் ஹாஸ்டலுக்கு வார்டனாகச் சேரப் போனபோது முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "வேதக்காரங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபராஜ் சார் பதில் சொல்லிவிட்டார். "எங்க சபைதான் சார். பொய் பேசத் தெரியாத ஆளு." அவர் அந்த மில்லின் ஹெச்.ஆர். மேனேஜர். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபையின் கமிட்டியிலும் இருந்தார். என் வீட்டுக்காரர் இறந்து நான் வேலை தேடிக்கொண்டிருந்தபோது கூட்டிப்போனவர் அவர்தான். அந்த நன்றி எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

ஊர் ஊராகப் போய்ப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஏஜெண்டுகள், "ஜெபம் பண்ற அக்கா ஒருத்தவிய இருக்காவ, கண்ணுல வச்சுப் பாத்துக்குவாவ" என்று என்னைச் சொல்லித்தான் பெற்றவர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாசலில் போர்டு மாட்டுகிற மாதிரி என்னை மாட்டியிருந்தார்கள்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஷிஃப்டுக்கு எழுப்பிவிட வேண்டும், சாப்பாட்டில் புழு இருந்தால் மெஸ்காரனோடு சண்டை போட வேண்டும், காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பிள்ளைகள் என்னை எஸ்தரக்கா என்றார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது அத்தனை பேர் தலையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அதில் சில தலைகள் என் தோளுக்குக்கூட வராது. கேட்டால் எல்லோருக்கும் பதினெட்டு. மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளை நான் முன்பு வேலை பார்த்த பால்வாடியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2. உளுந்தங்களி

சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த முத்துலட்சுமி டாஃபிங்கில் இருந்தாள். நூல் நிறைந்த பாபினைக் கழற்றிவிட்டு வெறும் பாபின் மாட்டுகிற வேலை. ஒருநாள் காலையில் நைட் ஷிஃப்ட் விட்டு வந்தவள் குளியலறை வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"என்னட்டி?"

"தெரியலக்கா. வயித்த வலிக்கி, ரத்தமா வருது. மெஷின் எங்கயும் இடிச்சிருச்சோன்னு பயமா இருக்கு."

மில்லின் கணக்கில் பதினெட்டு வயதான பெண், முதல் தடவையாக வயதுக்கு வந்து, மெஷின் இடித்துவிட்டது என்று அழுகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரை அடிப்பது என்று தெரியவில்லை. குளிக்க வைத்து, என் அறையில் படுக்க வைத்து, அவள் அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

அந்த அம்மா தூக்குவாளியில் உளுந்தங்களி கொண்டுவந்தாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மணக்க மணக்க மகளுக்கு ஊட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவ அப்பனுக்கு மட்டும் தெரிய வேண்டாம். சேத்தூர்ல அவரு அக்கா மகன் ஒருத்தன் இருக்கான், முப்பது தாண்டுனவன். இவ பெரிய மனுஷி ஆகட்டும்னுதான் காத்திருக்காவ. மில்லுல இருந்தான்னா சம்பளம் வருதுன்னு அவரு பேசாம இருப்பாரு. சடங்கு ஒண்ணும் வேண்டாம்."

"பதிமூணு வயசுப் பிள்ளையை நைட் ஷிஃப்ட்டுக்கு அனுப்புறது மட்டும் சரியாம்மா?"

"சரின்னு யாரு சொன்னா? இங்கன்னா பஞ்சோட போகும். அங்கன்னா வாழ்க்கையே போயிரும். இங்க இருந்து மட்டும் அனுப்பிராதீங்க."

நான் பேசாமல் இருக்க ஒப்புக்கொண்டேன். பேசாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அவளை டே ஷிஃப்டுக்கு மாற்றச் சொல்லி ஜெபராஜ் சாரிடம் போய் நின்றேன். "எல்லாருக்கும் பதினெட்டுக்கா. நீங்க ஏன் புதுசா கண்டுபிடிக்கீங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் சபையில் மட்டுமே பார்த்திருந்தேன். அங்கே அதை அன்பு என்று நினைத்திருந்தேன்.

3. வேன்

நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அவ்வப்போது ஆடிட்டரை அனுப்பும். சின்னப் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதும் ஆடிட்டில் சேர்த்தி. அதற்கு மில் வைத்திருந்த வழி ரொம்ப எளிது. அன்று காலை சின்னப் பிள்ளைகளையெல்லாம் வேனில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள மலையின் பெருமாள் கோயிலுக்குச் சாமி கும்பிட அனுப்பிவிடுவார்கள். மில்லின் செலவில் புளியோதரையும் உண்டு. ஆடிட்டர் கார் ஏறிய பிறகு வேன் திரும்பும்.

எனக்கு முன்னால் இருந்த வார்டன் கூடவே போய்வருவாராம். என்னை ஜெபராஜ் சார் நிறுத்திவிட்டார்.

"இந்தத் தடவ வர்ற மேடம் வார்டன்கிட்டப் பேசணும்னு கேட்டிருக்காங்க. நீங்க இங்க இருங்க. பதினெட்டுக்குக் கீழ யாரும் இல்லைன்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னா நம்புவாங்க. கழுத்துல அந்தச் சிலுவை வெளிய தெரியட்டும்."

"என்கிட்டப் பொய் சொல்லச் சொல்லுறீங்களா சார்?"

"வேதத்துலயே நல்லது நடக்கணும்னு பொய் சொன்னவங்க இருக்காங்கக்கா. எத்தனை குடும்பம் இந்த மில்லால சாப்பிடுது, யோசிங்க."

பொய்யை நான் பார்த்ததில்லையா என்ன? வேதத்தை எடுத்து அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுத்ததுதான் தாங்கவில்லை. நான் பொய் சொல்லாதவள் என்பதற்காக என்னை எடுத்து, அந்த நல்ல பெயரைச் சேர்த்து வைத்து, ஒரே ஒரு பொய்க்காகச் செலவழிக்கப் பார்த்தார்கள். சிலுவையை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

காலையில் பிள்ளைகள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். அவர்களுக்கு அது டூர். முத்துலட்சுமி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். "அக்கா, உங்களுக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வாரேன்." போய் வா என்றேன்.

4. இருக்கிறார்கள்

ஆடிட்டர் மேடம் சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல மாதிரி. ஹாஸ்டல் சாப்பாட்டு ஹாலில் எனக்கு எதிரே உட்கார்ந்து நேராகக் கேட்டார். "பதினெட்டு வயசுக்குக் கீழ யாராவது இங்க இருக்காங்களாம்மா?"

ஜெபராஜ் சார் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் கணக்கு அங்கே தீர்ந்துபோனது. கேட்காதவரை பேசாமல் இருக்கலாம். கேட்ட பிறகு இல்லை என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை.

"இருக்காங்கம்மா. இன்னிக்கு மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"ஒரு பிள்ளை இங்க வந்துதான் பெரிய மனுஷி ஆனா. நான்தான் குளிக்க வச்சேன்."

மேடம் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதீங்க. அந்தப் பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறது மில்லோட பொறுப்பு. அதை நாங்க பாத்துக்குறோம்." நான் அதை நம்பினேன். நம்பித்தான் அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்.

மேடம் கிளம்பிப் போன பிறகு வேன் திரும்பியபோது பிள்ளைகளின் பெட்டிகள் கேட்டுக்கு வெளியே கிடந்தன. பெற்றவர்களுக்குப் போன் போயிருந்தது. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் களி வந்த தூக்குவாளியை மெஸ்ஸில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். முத்துலட்சுமியின் அப்பா பைக்கில் வந்து இறங்கியதும் ஜெபராஜ் சார் என் முன்னாலேயே சொன்னார். "உங்க மக வயசுக்கு வந்துட்டாளாம்ல. உங்களுக்குத் தெரியாதா? வார்டனம்மா ஆடிட்டர்கிட்டச் சொல்லுதாங்க."

அந்த ஆள் என்னைத் திட்டவில்லை. சந்தோஷமாகச் சிரித்தார். முத்துலட்சுமி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் அன்றோடு கணக்கு முடித்துவிட்டார்கள்.

5. அதற்குப் பிறகு

பிள்ளைகளுக்கான உதவி எண்ணுக்கு நான்தான் போன் பண்ணினேன். அதிகாரிகள் சுந்தரபாண்டியம் போனார்கள். கல்யாணம் பண்ண மாட்டோம் என்று அப்பா எழுதிக் கொடுத்தார், அவர்கள் திரும்பி வந்தார்கள். கொஞ்ச நாளில் எங்கோ ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டி முடித்துவிட்டார்கள். மறுபடி போன் பண்ணினேன். விசாரிக்கிறோம் என்றார்கள். ஆடிட்டர் மேடத்தையும் தேடிப் பிடித்தேன். பிள்ளைகள் தாங்களாகவே வேலையை விட்டுப் போய்விட்டதாக மில் எழுதிக் கொடுத்திருக்கிறது, இனி தங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றார். மில்லுக்கு ஆர்டர் குறையவில்லை.

சபையில் யாரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஜெபராஜ் சார் வழக்கம்போல முன்னால் நின்று வேதபாடம் வாசித்தார். போதகர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "சாட்சியாத்தான் நின்னீங்க, இல்லைங்கல. இன்னும் கொஞ்சம் ஞானமா நடந்திருக்கலாம்" என்றார். மில் வாங்கிக் கொடுத்த ஃபேன் எங்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஞானம் என்றால் இதுதான் போலிருக்கிறது. என் இடத்துக்குப் புது வார்டனையும் எங்கள் சபையிலிருந்தே கூட்டிப்போனார்கள். நல்ல பொண்ணு, பாடகர் குழுவில் இருக்கிறாள். பொய் பேச மாட்டாள்.

அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கும் வேலை வேணும்லக்கா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியாக ஒருநாள் சுந்தரபாண்டியம் போனேன். முத்துலட்சுமியின் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க உங்க சாமிகிட்ட நல்ல பேரு வாங்கிட்டீங்க. எம்பிள்ளைக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?"

பஸ் ஏறி வந்துவிட்டேன். வழியெல்லாம் ஜெபம் பண்ணப் பார்த்தேன். கோபம்தான் வந்தது. ஆண்டவர் மேலும் வந்தது, மறைக்கவில்லை.

இப்போது வார்டன் வேலைக்குப் போகும் தங்கைகள் சில பேர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அதே நாற்காலியில் உட்கார வைத்து அதே கேள்வியைக் கேட்டால் இன்றைக்கும் அதே பதில்தான் என் வாயில் வரும். ஆனால் மெய் சொன்னதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சொல்லப்போகிற அன்றைக்கு, அந்தப் பிள்ளை எங்கே போய்ப் படுப்பாள், யார் சோறு போடுவார்கள், யார் வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கும் என்று பார்த்துவைத்துக்கொண்டு சொல்லுங்கள். என் வீட்டில் அப்போது ஒரு அறை காலியாகத்தான் இருந்தது.