வெள்ளை பூத்த ஏரிக்கரை

மரக்காணத்தில் மழை என்றால் உப்பளத்தாருக்கு வேலையில்லாத காலம். ஐப்பசியில் பாத்திகள் நீரில் மூழ்கிவிட்டால், பொங்கலுக்குப் பிறகு நீரை இறைத்து, களிமண் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தும் நாள் வரை என் அப்பா வீட்டில்தான் இருப்பார். அப்படி வளர்ந்த நான், பட்டம் பெற்று, எழுபதுகளின் நடுவில் ஆசிரியை வேலைக்காகக் கணவருடன் கென்யாவுக்குப் போனேன். ஏப்ரல் விடுமுறையில் இருவரும் காட்டு விலங்குகளைப் பார்க்கப் புறப்பட்டோம். அங்கே அது பெருமழைக் காலம். வெள்ளைக்காரப் பயணிகள் வராததால் வேன் வாடகை எங்களுக்கும் எட்டியது.

ஓட்டுநர் ஐம்பதைத் தொட்டவர். முதல் நாளே ஆங்கிலத்தில் தம் நிலையைச் சொன்னார். மழை மாதங்களில் முதலாளி இரண்டே ஓட்டுநர்களை வைத்துக்கொள்வார். பாதையை விட்டு இறங்கி வண்டியைச் சிக்கவைப்பவருக்கு மழை முடியும் வரை வேலை கிடையாது. எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. வரிக்குதிரைகளின் முதுகுகள் மட்டும் ஈரத்தில் மினுங்கின. "சிங்கம் இருக்குதுன்னு கூட்டியாந்தாங்க. புல்லுதான் இருக்குது," என்று கணவர் சலித்துக்கொண்டார். எனக்கோ அந்தப் பச்சையே போதுமானதாக இருந்தது.

இரண்டாம் நாள் ஓர் உவர்நீர் ஏரிக்குப் போனோம். முந்தைய இரண்டு நாட்களாக அங்கே மழை விட்டிருந்தது. தொலைவில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்றன.

"ஏங்க, கிட்ட போய்ப் பாக்கலாமே?" என்றேன்.

"சேத்துல வண்டி போவுமா?" என்றார் கணவர். அவருடையது கிளியனூரில் நெல் விளைவிக்கும் குடும்பம்.

"சேறு எங்க இருக்குது? வெள்ளையா பூத்துக் காஞ்சி கெடக்குது பாருங்க. எங்க ஊர்ல இந்த மாதிரி தரையில மாட்டுவண்டியே போவும்."

"உப்பளத்துப் பொண்ணே சொல்லிட்டா. அப்புறம் என்ன, கடல்லயே விடலாம்."

ஆங்கிலத்தில் கேட்டபோது ஓட்டுநர் வேண்டாம் என்று இருமுறை தலையசைத்தார். நான் இறங்கிப் போய்க் குதிகாலால் ஓங்கி மிதித்துக் காட்டினேன். விருந்தாளியின் சொல்லைத் தட்ட முடியாமல் அவர் வண்டியை மெல்ல இறக்கினார்.

எங்கள் ஊர்த் தரை, ஆண்டுதோறும் மனிதக் கால்கள் மிதித்து இறுகியது. இந்தக் கரையை யாரும் மிதித்ததில்லை. என் எடையைத் தாங்கிய வெள்ளைப் படலம் வண்டியின் எடைக்கு உடைந்தது. அடியில் கரிய சேறு. முன்சக்கரங்கள் முழுதாகப் புதைந்தன. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் பின்னால் கயிறு கட்டி இழுக்க, நாங்கள் முன்னாலிருந்து தள்ள, வண்டி வெளியேறப் பிற்பகல் ஆயிற்று. முன்பக்கத் தகடு வளைந்துவிட்டது. ஓட்டுநர் தகட்டைக் கையால் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாதையே சேறா இருந்துதுன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் கணவர்.

நான் யோசித்தேன். பொய் வெளிப்பட்டால் தண்டனை ஓட்டுநருக்குத்தான். உண்மையைச் சொன்னால் முதலாளி என் பள்ளிக்குப் புகார் எழுதலாம். என் பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய சமயம் அது. ஆனால் எனக்குப் பட்டம் இருந்தது, வேறு பள்ளி கிடைக்கும். மழையில் அவருக்கு வேறு வண்டி கிடைக்காது.

"நானே போய்ச் சொல்றேங்க."

"சரி, நானும் வர்றேன். சேலையையாவது மாத்திக்க."

"வேணாம். சேறே சாட்சி சொல்லட்டும்."

மாலையில் முதலாளியின் அலுவலகத்துக்குப் போனோம். மறுப்பதுதான் ஓட்டுநரின் கடமை என்றார் அவர். ஓட்டுநர் இருமுறை மறுத்தார், இந்த மண் எனக்குத் தெரியும் என்று நான்தான் வற்புறுத்தினேன் என்றேன். எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். பள்ளியின் பெயர் உட்பட எல்லாவற்றையும் எழுதி, தகட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டேன். அவர் காகிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். ஓட்டுநரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை விடுதி வாசலில் ஹாரன் ஒலித்தது. கழுவிய வண்டியில் அதே ஓட்டுநர்.

அன்று நாங்கள் பாதையை விட்டு இறங்கவே இல்லை. ஓரிடத்தில் யானைக் கூட்டம் ஒன்று, குட்டிகளோடு, நிதானமாகப் பாதையைக் கடந்தது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார்.

கணவர் என் காதருகே குனிந்தார். "இறங்கிப் போய் மிதிச்சிக் காட்டேன்."

என்ன சொல்கிறார் என்று ஓட்டுநர் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். உடனே, யானைகளுக்குக் கேட்டுவிடுமோ என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.