எத்துப்பல்

கம்பியை இறுக்கிவிட்ட நாளில் குழைந்த சோற்றைக்கூட மெல்ல முடியாது. பல்வேரெல்லாம் விண்விண்ணென்று தெறிக்க, நாக்கில் இரும்புச் சுவை ஊற, நாமக்கல்லிலிருந்து புதுச்சத்திரம் வரும்வரை பேருந்தில் அம்மாவின் தோளில் சாய்ந்தபடியே வருவேன். எட்டாம் வகுப்பில் எனக்கு வைத்த பெயர் "எத்துப்பல்லி". அது பொறுக்காமல் நான் அழுது தீர்த்ததால்தான் அம்மா என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவளுக்கும் அதே எத்துப்பல்தான். அவளை யாரும் எங்கும் கூட்டிப்போகவில்லை. "உடாம அமுத்துனா எலும்பே எடங்குடுக்குமாமா!" என்று டாக்டர் சொன்னதை ஊரெல்லாம் சொல்லி, ஈறு தெரியச் சிரிப்பாள்.

அந்தத் தை மாதம் மாமாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவருக்கு இணையாக நின்று செய்யும் "இணைச்சீர்" இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணமே இல்லை. மணப்பெண்ணுக்குச் சமமாக எல்லாக் கண்ணும் அவள்மேல் இருக்கும் நேரம் அது. அம்மா ஒரு மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள். பட்டுடுத்தி மேடையேறப் போனவளின் காதருகே போய், "போட்டோவுல வாய மூடிக்கம்மா, என் ஃபிரண்ட்ஸெல்லாம் வந்திருக்காங்க" என்றேன்.

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். "செரி சாமி" என்றாள். சீர் முடியும்வரை உதட்டைப் பிரிக்கவில்லை. பெண் வீட்டார், "ஏனுங்கக்கா, தம்பிய உட்டுக்குடுக்க மனசில்லீங்களா?" என்று சீண்டியபோதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானோ என் கம்பியோடு பல்லெல்லாம் காட்டி எல்லாப் படத்திலும் நின்றேன்.

கம்பியைக் கழற்றியபின், பல் பழையபடி நகராமலிருக்கப் போட்டுக்கொள்ளச் சொன்ன கிளிப்பைக் கல்லூரி விடுதியில் எங்கோ தொலைத்தேன். இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் தாடைவலி என்று போனபோது டாக்டர், "தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்க போல. முன்பல்லும் பழைய எடத்துக்கே போயிட்டிருக்குதுங்க" என்று கண்ணாடியைக் கையில் கொடுத்தார். கண்ணாடியில் அம்மாவின் வாய் தெரிந்தது. எனக்குக் கூசிப்போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன். பல்லைக் காட்டி, அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்பு என்று இத்தனை வருடம் கழித்துச் சொன்னேன். இணைச்சீர்ப் படம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈறு தெரியச் சிரிக்கும் அம்மா எங்கள் வீட்டில் ஒரு படத்தில்கூட இல்லை.

"அதையெல்லாம் ஆரு சாமி நெனப்பு வெச்சிருக்கா?" என்று அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கை தானாக எழுந்து வாயை மறைத்தது. அந்தக் கையைப் பிடித்து விலக்கப் பார்த்தேன். அது வரவில்லை.