டீசலில் கலந்த தண்ணீர்

மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டில் முதன்முதலாக மாவு மில் வைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. நாகப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்தவர், பழைய படகு எஞ்சின் ஒன்றை விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி, மூங்கிலில் கட்டி மலையேற்றினார். கடல் தண்ணீரை உறிஞ்சிச் சூட்டைத் தணித்துக்கொண்ட எஞ்சின் அது. இங்கே அதற்கு ஓடைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து விட்டார்.

டீசல் அடிவாரத்திலிருந்து வரவேண்டும். தகர டின்னில் தலைச்சுமையாகக் கொண்டுவருபவர் எனக்குப் பெரியப்பா முறை. அந்தக் கூலியை நம்பித்தான் அவர் குடும்பம் இருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. டீசல் தண்ணீரில் பட்டால் மயில் கழுத்து நிறம் விரியும். ஒருநாள் பெரியப்பா டின்னை மில் வாசலில் இறக்கிவிட்டு முகம் கழுவப் போனார். மூடியைத் திருகி, ஒரு சொம்பு டீசலை ஓடையில் ஊற்றி வேடிக்கை பார்த்தேன். பிறகுதான் மாமா குச்சி விட்டு அளப்பது நினைவுக்கு வந்தது. அதே சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றி மூடினேன். திரும்பினால் பெரியப்பா நின்றிருந்தார்.

"என்ன கண்ணு, வெளையாட்டா?" என்றார். நான் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

மறுநாள் கேழ்வரகுக் கூடைகளோடு பெண்கள் காத்திருந்தார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கி, விக்கி, வெள்ளையாகப் புகைவிட்டு நின்றது.

"கறுப்புப் பொகைன்னா காத்துப் பத்தல, நீலம்னா ஆயில் எரியுது. இது வெள்ளைங்க. தண்ணி உள்ள போயிருக்கு" என்றார் மாமா.

குளிர்விக்கும் தண்ணீர்தான் கசிகிறதென்று நினைத்து, மேல்மூடியைக் கழற்றி உச்சிப்பொழுது வரை பார்த்தார். அங்கே பழுதில்லை. பிறகு பில்டரின் அடித்திருகைத் திறந்து, வடிந்ததைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் காட்டினார். மேலே மஞ்சளாக டீசல், அடியில் தெளிந்த தண்ணீர். டீசலை அழுத்தி அனுப்பும் பம்பும் இறுகிப்போயிருந்தது. சேலத்துக்குத்தான் அனுப்பவேண்டும்.

"ஏனுங்க மச்சான், வழியில டின்னு தெறந்துச்சுங்களா?" என்று பக்கத்தில் நின்ற பெரியப்பாவைக் கேட்டார்.

பெரியப்பா என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆத்துல கால் வழுக்கி டின்னோட வுழுந்துட்டேன் மாப்ள. சொல்லப் பயமாயிருந்துச்சு."

மாமா மூடியைத் திருகிப் பார்த்தார். உள்ளே ரப்பர் வளையம் நன்றாகத்தான் இருந்தது. "இனிமே நீங்க கொண்டார வேண்டாங்க மச்சான்" என்றார்.

பெரியப்பாவும் விழுந்திருக்கிறார், அப்படியென்றால் தப்பு என்னுடையது மட்டுமல்ல என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது. அதன்பின் அவர் சோளக்காடு சந்தைக்கு மிளகு மூட்டை சுமந்தார். வழியில் பார்த்தால், "நல்லாருக்கியா சாமி?" என்பார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

மூடி இறுகிய டின் ஆற்றில் விழுந்தாலும் தண்ணீர் புகாது. அது மாமாவுக்குத் தெரியும். டீசலை விற்றுவிட்டுத் தண்ணீர் ஊற்றியவர், அதை மறைக்கப் பொய்யும் சொல்கிறார் என்றே அவர் கடைசிவரை நம்பினார். அப்படித்தான் நம்புவார் என்பது பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது மட்டும்தான்.