பௌர்ணமியன்று கழிமுகத்தில் கூடாரம்

திருவொற்றியூர் மீனவக் குப்பத்தில் பிறந்தவள் நான். பௌர்ணமிக்குத் தண்ணீர் ஏறும் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்ட நானே, எண்ணூர்க் கழிமுகத்தில் 'நிலவொளி முகாம்' என்று கைப்பேசியில் வந்த விளம்பரத்தில் மயங்கி, பௌர்ணமியன்று கணவரையும் மகளையும் அழைத்துப் போனேன்.

மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் வற்றிக் கிடந்தது. ஈர மணலிலேயே கூடாரம் அடித்திருந்தார்கள். சேற்றில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, தண்ணி ஏறுற எடத்துல போய் குந்திகினு கீறீங்க?"

"அதெல்லாம் வராது மேடம்" என்றான் வெள்ளை ஷூ போட்ட முகாம் நிர்வாகி. விளம்பரத்தில் ஐந்து நட்சத்திர மதிப்பீடு வாங்கிய மேதாவியாயிற்றே என்று நானும் தலையாட்டினேன். வெட்கக்கேடு!

ஆறு மணிக்குப் பாய் மிதந்தது. தூங்கிக்கொண்டிருந்த மகளை வாரித் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கரையேறினோம். மேதாவி எங்களுக்கு முன்பே ஓடியிருந்தான், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு.

இப்போதெல்லாம் முகாமுக்குப் பணம் கட்டுமுன் காலண்டரில் திதி பார்க்கிறேன். போனதும், தண்ணீர் ஏறிய அடையாளமாகப் பாசி ஒதுங்கிக் காய்ந்த கோட்டுக்கு மேலேதான் பையை இறக்குகிறேன்.

அந்த மேதாவியோ, தண்ணீரில் நிற்கும் எங்கள் கூடாரத்தின் படத்தையே புது விளம்பரமாகப் போட்டிருக்கிறான்: 'அலையின் மடியில் ஓர் இரவு!'